உறைக்குள் போன கொடிகள்

அன்புள்ள சார்,

நான் ரிச்மண்டில் வசிக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு யார்க்டவுன் போயிருந்தோம். அமெரிக்க விடுதலைப் போரில், 1781ல், பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் படை வாஷிங்டனிடம் சரணடைந்த இடம். வழிகாட்டி நன்றாகவே விளக்கினார். பிரிட்டிஷ்காரர்கள் கொடிகளைச் சுருட்டி உறையில் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்பது நிபந்தனையாம். எந்த இசையை வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாது என்பதற்கும் ஒரு விதியாம். காரன்வாலிஸ் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓஹாரா என்பவரை அனுப்பினாராம். உலகமே தலைகீழாகிவிட்டது என்று பொருள்படும் ஒரு பாட்டை வாசித்தபடி படை வெளியே வந்ததாம்.

எனக்கு இதில் ஒன்று புரியவில்லை. தோற்றாயிற்று. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைதியாகப் போகிறார்கள். அதில் கொடி விரிந்திருந்தால் என்ன, சுருண்டிருந்தால் என்ன? "பணக்காரப் பிரபுக்களின் நாடகம்பா அது" என்றான் கல்லூரியில் படிக்கும் என் மகன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இந்த மரியாதையெல்லாம் நம் நாட்டில் அவர்கள் போட்ட சண்டைகளில் உண்டா? நம் பாடப்புத்தகத்தில் வருகிற காரன்வாலிஸ் இவர்தானா? பாவம் அந்த ஓஹாரா, அப்புறம் என்ன ஆனார்? நேரமிருந்தால் எழுதுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் மகன் சொன்னது முக்கால்வாசி சரி. அது நாடகம்தான். ஆனால் அந்த நாடகத்தால் பல ஆயிரம் பேர் உயிர் பிழைத்தார்கள். எப்படி என்று சொல்ல யார்க்டவுனை விட்டுக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அந்த நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்களில் பெரும்பகுதி கோட்டை முற்றுகைகள். பதினான்காம் லூயியின் பொறியாளர் வோபான் முற்றுகையைக் கிட்டத்தட்ட கட்டட வேலைபோல ஆக்கிவிட்டார். கோட்டைப் பீரங்கிகள் எட்டும் தூரத்தின் விளிம்பில், மதிலுக்கு இணையாக ஒரு நீண்ட பள்ளம் வெட்டுவது. அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறி இரண்டாவது பள்ளம். மதிலுக்குப் பக்கத்தில் மூன்றாவது. அங்கே கனத்த பீரங்கிகளை நிறுத்தி, மதிலின் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் அது சரிந்து ஆள் ஏறும்படி ஆகிவிடும். நல்ல கோட்டையை நல்ல படை காத்தாலும் 48 நாள் என்று வோபான் அட்டவணையே போட்டு வைத்திருந்தார். வெளியிலிருந்து உதவிப்படை வரவில்லை என்றால் கோட்டை விழப்போகிறது என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம். எந்த நாளில் நிறுத்துவது என்பதுதான் தெரியாது.

மதில் உடைந்த பிறகும் பணியாமல் இருந்தால், முற்றுகையிட்டவன் அந்த உடைப்பின் வழியாக ஏறி உள்ளே பாயவேண்டும். அதில் அவன் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாவார்கள். அப்படிச் செத்து உள்ளே நுழைந்த படையை எந்தத் தளபதியாலும் கட்டுப்படுத்த முடியாது. அடைக்கலம் கேட்டாலும் கிடைக்காது, ஊர் கொள்ளை போகும். அன்றைய போர் வழக்கம் இதைப் பெரிய குற்றமாகவும் நினைக்கவில்லை. 1747ல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்தின் பெர்கன் ஓப் ஸூம் கோட்டையை அப்படித்தான் பாய்ந்து பிடித்துச் சூறையாடியது. ஐரோப்பா முகம் சுளித்தது. தளபதி லோவென்டாலுக்கு மார்ஷல் பதவி கிடைத்தது.

ஆகவே உள்ளே இருப்பவன் கொஞ்சம் முன்னதாகப் பணிவது இருவருக்கும் லாபம். ஆனால் ரொம்ப முன்னதாகவும் பணிய முடியாது. ஊருக்குத் திரும்பினால் அரசன் கேட்பான், ராணுவ நீதிமன்றம் கேட்கும், ஏன் கோட்டையைக் கொடுத்தாய் என்று. போர் மரியாதை என்ற வழக்கத்துக்கு வேலை இங்கேதான். முரசு முழங்க, கொடி விரிய, துப்பாக்கித் திரியின் இரண்டு முனையும் எரிய, ஈயக் குண்டை வாயில் அதக்கியபடி, உடைந்த மதிலின் வழியாகவே அணிவகுத்து வெளியேறலாம் என்பது அதன் முழு வடிவம். குண்டை வாயில் அதக்குவது வேடிக்கையாகத் தெரியும். சண்டை நேரத்தில் சிப்பாய்கள் சட்டென்று துப்பாக்கியைக் கெட்டிக்க அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். இன்னும் சண்டை போடும் நிலையில்தான் இருக்கிறோம், உடன்பாட்டால்தான் போகிறோம் என்று அதற்குப் பொருள். திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகள் வழக்கொழிந்த பிறகும் உடன்படிக்கைகளில் அந்தத் திரி எரிந்துகொண்டே இருந்தது. உடைப்பின் வழியாக வெளியேறுவது இன்னும் முக்கியம். மதில் உடையும்வரை நின்றேன் என்பதற்கு அது கண்ணால் காணும் சாட்சி. தோற்ற தளபதி தன் அரசனிடம் காட்ட, எதிரியே கையெழுத்துப் போட்டுத் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் எவ்வளவு செல்லும் என்பதற்கு மினோர்க்கா தீவு ஓர் உதாரணம். 1756ல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்த பிரிட்டிஷ் கோட்டையை முற்றுகையிட்டார்கள். தளபதி பிளேக்னிக்கு வயது எண்பதுக்கு மேல். அவரைக் காப்பாற்றக் கடற்படையோடு போன அட்மிரல் பிங், ஒரு அரைகுறைச் சண்டைக்குப் பிறகு ஜிப்ரால்டருக்குத் திரும்பிவிட்டார். கிழவர் ஜூன் கடைசிவரை தாங்கிவிட்டு முழு மரியாதையோடு கோட்டையை ஒப்படைத்தார். அவர் படையைப் பிரெஞ்சுக்காரர்களே ஜிப்ரால்டரில் கொண்டுபோய் விட்டார்கள். கோட்டையை இழந்தவருக்கு ஊரில் பிரபு பட்டம். காப்பாற்றத் தவறிய பிங்கை 1757 மார்ச்சில் அவருடைய கடற்படையே கப்பல் தளத்தில் நிறுத்திச் சுட்டுக் கொன்றது.

இப்போது யார்க்டவுனுக்கு வரலாம். ஆனால் அங்கே நடந்ததற்கான விதை பதினேழு மாதம் முன்பு, தெற்கே சார்ல்ஸ்டன் நகரில் விழுந்தது. உங்கள் வழிகாட்டி அதைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் கொடிக் கதையில் பாதியை விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம்.

1780 ஏப்ரல் தொடங்கி மே 12 வரை பிரிட்டிஷ் தளபதி சர் ஹென்றி கிளின்டன் சார்ல்ஸ்டனை முற்றுகையிட்டார். உள்ளே அமெரிக்கத் தளபதி பெஞ்சமின் லிங்கன். விதிப்படி எல்லாம் செய்தார் அந்த மனிதர். பள்ளங்கள் நெருங்கும்வரை நின்றார், பேசினார், பேச்சு முறிந்ததும் மறுபடி சண்டை போட்டார், இனி முடியாது என்றபோது வழக்கமான மரியாதையைக் கேட்டார். கிளின்டன் தரவில்லை. கொடிகள் உறைக்குள் இருக்கவேண்டும். முரசு பிரிட்டிஷ் நடையை, அதாவது அவர்களின் அணிவகுப்பு இசையை, வாசிக்கக் கூடாது. கிளின்டன் பார்வையில் எதிரே இருந்தது ஒரு நாட்டின் படையே இல்லை, கலகக்கூட்டம்.

இசைக்கு ஏன் விதி என்று கேட்டீர்கள். மரியாதையோடு வெளியேறும் படை தனக்குப் பிடித்த நடையை வாசிக்கலாம். வென்றவனுடைய நடையைக்கூட வாசிக்கலாம். "நீ ஜெயித்தாய், நல்லது, நானும் உனக்குச் சமமானவன்தான்" என்று சொல்லும் மிடுக்கான ஒரு வணக்கம் அது. எங்கள் பாட்டைத் தொடாதே என்று கிளின்டன் சொன்னதன் பொருள், எனக்கு வணக்கம் வைக்கும் தகுதிகூட உனக்கில்லை என்பது. லிங்கனின் படை துருக்கிய நடை ஒன்றை வாசித்தபடி வெளியே வந்ததாக அங்கே கைதான தளபதி மௌல்ட்ரி எழுதியிருக்கிறார். ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். அந்தப் போரில் அமெரிக்கர்களின் மிகப்பெரிய தோல்வி அதுதான்.

கைதானவர்களில் ஜான் லாரன்ஸ் என்ற இளம் லெப்டினன்ட் கர்னலும் ஒருவர். சொந்த ஊரே சார்ல்ஸ்டன்தான். லிங்கனும் அவரும் பின்னால் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார்கள். இந்தப் பரிமாற்றமும் ஒரு தனி உலகம். அதிகாரி தப்பி ஓடமாட்டேன், திரும்ப ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் வெளியே உலாவலாம், விருந்துக்குப் போகலாம், சில சமயம் ஊருக்கே போகலாம். பதவிக்குப் பதவி மாற்றிக்கொள்வார்கள். ஒரு ஜெனரலுக்கு எத்தனை சிப்பாய் என்று அரசுகள் விலைப்பட்டியல்கூடப் போட்டிருந்தன. சாதாரண சிப்பாய்க்கு இதெல்லாம் இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் ஜெர்சி என்ற பழைய கப்பலையும் அதுபோன்ற வேறு சிலவற்றையும் சிறையாக்கி பிரிட்டிஷார் அவர்களை அடைத்தார்கள். நோயிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். உங்கள் மகன் சொன்ன "பணக்காரப் பிரபுக்கள்" இங்கே ரொம்பச் சரி.

1781 அக்டோபரில் சக்கரம் திரும்பியது. யார்க்டவுனில் காரன்வாலிஸ் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கடலைப் பிரெஞ்சு அட்மிரல் தெ கிராஸ் அடைத்துவிட்டார். நிலத்தில் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரொஷாம்போவும். அக்டோபர் 6 இரவு முதல் பள்ளம், 11 இரவு இரண்டாவது, 14 இரவு இரண்டு முன்காவல் அரண்கள் பறிபோயின. 16 இரவு ஆற்றைக் கடந்து தப்பப் பார்த்தார், புயல் படகுகளைக் கலைத்துவிட்டது. 17 காலை அரண்மேல் ஒரு முரசுக்காரப் பையன் ஏறி நின்று பேச்சுவார்த்தைக்கான தாளத்தை அடிக்கத் தொடங்கினான். குண்டுச் சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் ஓர் அதிகாரி வெள்ளைத் துணியை ஆட்டினார். பீரங்கிகள் ஓய்ந்தன.

காரன்வாலிஸ் 24 மணி நேரம் கேட்டார். வாஷிங்டன் இரண்டு மணி நேரம் கொடுத்தார். கிளின்டனின் கப்பல்கள் நியூயார்க்கிலிருந்து வரக்கூடும் என்று இருவருக்குமே தெரியும். வந்தும் சேர்ந்தன, 24ம் தேதி, எல்லாம் முடிந்து ஐந்து நாள் கழித்து. வாஷிங்டன் அனுப்பிய நிபந்தனைகளில் ஒரு வரி: சார்ல்ஸ்டன் படைக்கு என்ன மரியாதை தரப்பட்டதோ அதே மரியாதை உங்களுக்கும் தரப்படும்.

18ம் தேதி மூர் என்பவரின் வீட்டில் பேச்சு. வாஷிங்டன் தன் தரப்பில் அனுப்பியது யாரை என்று நினைக்கிறீர்கள்? அதே ஜான் லாரன்ஸ். பிரெஞ்சுத் தரப்பில் நொவாய் பிரபு. எதிர்ப்பக்கம் டண்டாஸ், ராஸ் என்று இரு அதிகாரிகள். அங்கே நடந்த உரையாடல் ஒன்று பின்னால் பதிவாகியிருக்கிறது. கொடியை உறையில் போடச் சொல்லும் ஷரத்து மிகக் கடுமையானது என்கிறார் ராஸ். ஆமாம், கடுமையானதுதான் என்கிறார் லாரன்ஸ். அப்படியானால் அது ஏன் இங்கே இருக்கிறது? சார்ல்ஸ்டனில் ஆறு வாரம் திறந்த பள்ளங்களில் நின்று போராடிய படைக்கு இதையேதான் தந்தீர்கள் என்று லாரன்ஸ் நினைவூட்டுகிறார். அங்கே தளபதி காரன்வாலிஸ் இல்லையே என்கிறார் ராஸ். இங்கே பேச்சு தனி மனிதரைப் பற்றியதல்ல, நாட்டைப் பற்றியது, இந்த ஷரத்து இருக்கும், இல்லாவிட்டால் நான் எழுந்து போகிறேன் என்று முடிக்கிறார் லாரன்ஸ்.

லாரன்ஸின் அப்பா ஹென்றி லாரன்ஸ் அப்போது லண்டன் டவரில் கைதி. அமெரிக்கத் தூதராக ஐரோப்பா போகும் வழியில் கடலில் பிடிபட்டவர். அந்த லண்டன் டவருக்குச் சம்பிரதாயப்படி தலைமைக் காவல் அதிகாரி யார் தெரியுமா? காரன்வாலிஸ். கதையாக எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். பின்னால் இந்த இருவரையும்தான் ஒருவருக்கொருவர் ஈடாகக் கணக்குத் தீர்த்தார்கள்.

மூன்றாம் ஷரத்தின் இறுதி வடிவம் இப்படி வந்தது: தோளில் துப்பாக்கி, உறையில் கொடி, முரசு ஒரு பிரிட்டிஷ் அல்லது ஜெர்மன் நடையை வாசிக்கவேண்டும் (பிரிட்டிஷ் படையில் கூலிக்கு வந்த ஜெர்மானியர்களும் இருந்தார்கள்). கவனியுங்கள், கிளின்டன் எதைத் தடுத்தாரோ அதையே இங்கே கட்டாயமாக்கிவிட்டார்கள். உன் பாட்டையே வாசித்துக்கொள், எங்கள் பாட்டை நீ வாசிக்க முடியாது. ஆற்றுக்கு அக்கரையில் குளோஸ்டர் முனையிலிருந்த குதிரைப்படைக்கு மட்டும் உருவிய வாளோடும் எக்காளத்தோடும் வர அனுமதி கிடைத்தது.

19ம் தேதி பிற்பகல் பிரிட்டிஷ் படை வெளியே வந்தது. ஒருபுறம் பிரெஞ்சுப் படை, மறுபுறம் அமெரிக்கப் படை. ஓஹாரா முதலில் ரொஷாம்போவைத் தேடிப் போனார். பிரெஞ்சுக்காரனிடம் தோற்றால் அது பழக்கமான தோல்வி, கலகக்காரனிடம் தோற்பதை ஒப்புக்கொள்ளத்தான் கஷ்டம். ரொஷாம்போ வாஷிங்டன் பக்கம் கை காட்டினார். வந்திருப்பது இரண்டாமிடத்து அதிகாரி என்பதால் வாஷிங்டன் தன் இரண்டாமிடத்து அதிகாரியைக் காட்டினார். அவர் யார்? சார்ல்ஸ்டனில் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்த அதே பெஞ்சமின் லிங்கன். இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் அவர்தான். சுமாரான தளபதி, பருமனான உடம்பு, காலில் பழைய காயம். அன்று அவர் பழி தீர்த்துக்கொள்ளும் எதையும் செய்ததாகத் தெரியவில்லை. படை எங்கே போய் ஆயுதத்தை வைக்கவேண்டும் என்று வழி காட்டினார், அவ்வளவுதான். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிலர் உடையட்டும் என்று துப்பாக்கியைத் தரையில் ஓங்கி எறிந்தார்கள். லிங்கன் அதையும் அடக்கினார். காரன்வாலிஸின் நோய் உண்மையா என்றால், பெரும்பாலோர் அன்றே நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அந்தப் பாட்டு விஷயம்: அன்று அங்கே இருந்தவர்கள் யாரும் பாட்டின் பெயரை எழுதிவைக்கவில்லை. உங்கள் வழிகாட்டி சொன்ன பெயர் 1828ல் வந்த ஒரு புத்தகத்தில்தான் தலைகாட்டுகிறது. அழகாகப் பொருந்துகிறது என்பதால் நிலைத்துவிட்டது.

ஆக, கொடிக்கு என்ன மதிப்பு என்ற கேள்விக்கு என் பதில்: இன்று நீ எனக்குச் செய்தது நாளை உனக்குத் திரும்ப வரும் என்ற நினைவுதான் அந்த மதிப்பு. அதற்கு மேல் ஒரு சட்டப்புத்தகம் கிடையாது, தண்டிக்க நீதிமன்றமும் கிடையாது. வட அமெரிக்காவிலேயே இதற்கு முந்தைய போரில் இந்த நினைவு இன்னும் கோரமாக வேலை செய்தது. 1757 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றி கோட்டையை பிரெஞ்சுத் தளபதி மோன்காமிடம் ஒப்படைத்த பிரிட்டிஷ் படைக்கு முழு மரியாதை கிடைத்தது. பதினெட்டு மாதம் பிரான்சுக்கு எதிராகச் சண்டை போடமாட்டோம் என்ற வாக்கு, வீரத்துக்கு அடையாளமாக ஒரு பீரங்கி. ஆனால் மோன்காமோடு வந்திருந்த பல இனங்களைச் சேர்ந்த பூர்வகுடி வீரர்களுக்கு அந்த உடன்படிக்கையில் எதுவும் இல்லை. அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. கைதிகளும் போர்ப்பொருளும்தான் அவர்களுக்கான பங்கு. அவர்களிடம் கலந்து பேசாமல் இரண்டு ஐரோப்பியர்கள் கைகுலுக்கி, அந்தப் பங்கை இல்லையென்று ஆக்கிவிட்டார்கள். மறுநாள் வெளியேறிய படைமீது அவர்கள் பாய்ந்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் செத்தவர்கள் இருநூறுக்குள் என்கிறார்கள். அன்றைய வதந்தியில் அது பல மடங்கு.

அதன் வட்டி வெகுநாள் வசூலானது. 1758ல் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபூர் கோட்டை விழுந்தபோது பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹர்ஸ்ட் போர் மரியாதை கிடையாது என்றார். 1760ல் மான்ட்ரியலிலும் அதையே சொன்னார், காரணமாகப் பூர்வகுடிகளை ஏவிச் செய்த கொடுமைகளைக் காட்டினார். பிரெஞ்சுத் தளபதி லெவி, மரியாதை இல்லாமல் கொடியை ஒப்படைப்பதைவிட என்று தன் படையின் கொடிகளைச் சரணுக்கு முந்தைய இரவு எரிக்கச் சொல்லிவிட்டார்.

சரட்டோகாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1777ல் அங்கே அமெரிக்கர்களிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பர்கோயினின் படைக்கு முழு மரியாதை, கப்பலேறி ஊருக்குப் போகலாம் என்ற உறுதி எல்லாம் எழுத்தில் கிடைத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் சாக்குகள் சொல்லி அதை நிறைவேற்றவே இல்லை. அந்தச் சிப்பாய்கள் பாஸ்டனிலிருந்து உங்கள் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் வரை நடந்தார்கள். மரியாதையை மீறியதில் யார் கையும் சுத்தமில்லை.

இந்தியாவில் உண்டா? உண்டு, நம்மூரிலேயே. 1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படையோடு மாட்டிக்கொண்ட ழாக் லா, ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸிடம் (இவர் வேறு லாரன்ஸ்) சரணடைந்தார். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு வாக்குறுதி, உயிர்ப் பாதுகாப்பு எல்லாம் முறைப்படி நடந்தது. அவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்களோ அந்தச் சந்தா சாகிப், தஞ்சாவூர்த் தளபதி மானோஜி கொடுத்த உறுதியை நம்பி அவரிடம் போனார். தலையை வெட்டிவிட்டார்கள்.

1760-61 பாண்டிச்சேரி முற்றுகை இன்னும் விரிவான கதை. பிரெஞ்சுத் தளபதி லாலி உள்ளே, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வெளியே. உணவு தீர்ந்துகொண்டிருந்தபோது, நவம்பர் கடைசியில், லாலி நகரிலிருந்த உள்ளூர் மக்களில் சுமார் 1,400 பேரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயப் படை அவர்களைத் தன் வரிசையைத் தாண்ட விடவில்லை. உள்ளே பசித்த வாய் குறையக் கூடாது என்ற கணக்கு. திரும்பிப் போனால் கோட்டையிலிருந்தும் சுட்டார்கள். இரண்டு படைக்கும் நடுவே எட்டு நாள், கிடைத்த வேரையும் புல்லையும் தின்றுகொண்டு கிடந்தார்கள். அப்புறம்தான் கூட் வழிவிட்டார்.

ஜனவரியில் லாலி பணிந்தபோது அனுப்பிய காகிதத்தைப் பார்த்தால், 1757ல் வங்காளத்திலிருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரை ஆங்கிலேயர் ஒப்பந்தத்தை மீறிப் பிடித்தார்கள், ஆகவே உங்களோடு ஷரத்து பேசும் நிலையில் நான் இல்லை, படையைக் கைதியாக ஒப்படைக்கிறேன் என்று வீறாப்பாக எழுதியிருக்கிறார். கூட் எந்த நிபந்தனையும் தரவில்லை. லாலி முன்பு கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்துத் தள்ளியிருந்தார், ஆகவே பாண்டிச்சேரி இடிக்கப்பட்டது. லாலி கைதியாக இங்கிலாந்து போனார். பிரான்சில் தன்மீது துரோகக் குற்றச்சாட்டு கிளம்பியதைக் கேட்டு, அதை எதிர்கொள்ள ஊருக்குப் போகவிடுங்கள் என்று கேட்டார். ஆங்கிலேயர் வாக்கை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எதிரி நம்பினான். சொந்த நாடு 1766ல் அவர் தலையை வெட்டியது. 1778ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

ஐரோப்பியர்கள் மட்டும்தான் இந்த மரியாதையைத் தந்தார்கள் என்றும் நினைக்கவேண்டாம். மங்களூர் கோட்டையில் மாதக்கணக்கில் பட்டினியோடு நின்ற ஆங்கிலேயத் தளபதி கேம்ப்பெலுக்கு 1784 ஜனவரியில் திப்பு சுல்தான் போர் மரியாதை தந்து வெளியேறவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பெத்னூரில் திப்புவிடம் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி மேத்யூஸுக்கு அது கிடைக்கவில்லை. கஜானாவை மறைத்து ஷரத்தை மீறினார் என்பது திப்புவின் குற்றச்சாட்டு. மேத்யூஸ் சிறையிலேயே செத்தார்.

பாண்டிச்சேரிக்கு வெளியே கிடந்த அந்த 1,400 பேரை நினைக்கும்போது எனக்கு யார்க்டவுன்தான் நினைவுக்கு வருகிறது. விடுதலை கிடைக்கும் என்று நம்பி, எஜமானர்களிடமிருந்து ஓடி காரன்வாலிஸின் படையோடு சேர்ந்த கறுப்பின அடிமைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அரண் கட்டியதே பெரும்பாலும் அவர்கள்தான். பெரியம்மை பரவி உணவும் குறைந்தபோது பிரிட்டிஷார் அவர்களை முகாமிலிருந்து விரட்டினார்கள். அந்த வேலையைச் செய்த ஜெர்மன் கேப்டன் ஏவால்ட் தன் டைரியில், எழுதாமல் விட்டுவிடலாம் போன்ற கொடுமை என்று குறித்திருக்கிறார். பிழைத்திருந்தவர்களைச் சரண் உடன்படிக்கை "சொத்து" கணக்கில் சேர்த்து, உரியவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றது. பிரிட்டனுக்கு விசுவாசமாக நின்ற அமெரிக்கர்களுக்கும் பாதுகாப்பு கேட்டார் காரன்வாலிஸ். வாஷிங்டன் எழுத்தில் தர மறுத்தார். ஆனால் பொனெட்டா என்ற ஒரு சிறு கப்பலைச் சோதனை இல்லாமல் நியூயார்க்குக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று இன்னொரு ஷரத்தில் ஒப்புக்கொண்டார். அதில் யார் ஏறுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். அடிமைகளுக்கு அப்படி ஒரு கப்பலை யாரும் யோசிக்கவில்லை. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். நாடகம் என்பதைவிட, மேடையில் யாருக்கு இடமில்லை என்று கேட்டால் அவன் வாதம் இன்னும் வலுவாகும்.

நம் பாடப்புத்தகத்துக் காரன்வாலிஸ் இவரேதான். 1786ல் கவர்னர் ஜெனரலாக வந்தார், 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கினார். சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு பெரிய சிலை இருக்கிறது, பீடத்தில் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியும் உண்டு. ஊருக்கு வரும்போது பையனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஓஹாராவுக்காக ரொம்பப் பாவப்படவேண்டாம், ஆனால் ராசியில்லாத மனிதர். 1793ல் தூலோன் துறைமுகத்தில் மறுபடி கைதானார், இந்த முறை பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம். அங்கே பீரங்கிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் போனபார்ட் என்ற இளம் அதிகாரி. பாரிஸில் சிறையிருந்து, பரிமாற்றத்தில் விடுதலையாகி, ஜிப்ரால்டர் கவர்னராகி, 1802ல் அங்கேயே இறந்தார்.

அன்புடன்.